கணக்கு யார் கையில்?

என் அம்மாவிடம் ஒரு நோட்டு உண்டு. உள்ளங்கையளவுதான் இருக்கும். ரப்பர் பேண்ட் போட்டு மணிபர்சுக்குள் வைத்திருப்பார். கணியூரிலிருந்து விடியற்காலை வேனில் ஏறி, திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்குச் செக்கிங் வேலைக்குப் போன அத்தனை வருடமும் அதில் அவர் எழுதியது ஒன்றைத்தான்: இன்றைக்கு எத்தனை ஷிஃப்ட். ஒன்று, ஒன்றரை, சீசன் நேரத்தில் இரண்டு. சனிக்கிழமை சம்பளக் கவர் கைக்கு வந்ததும் நோட்டைத் திறந்து கூட்டிப் பார்ப்பார். அரை ஷிஃப்ட் குறைந்திருந்தால் திங்கட்கிழமை சூப்பர்வைசரிடம் போய் நிற்பார்.

"கம்பெனியிலதான் எழுதறாங்களே, நீ எதுக்கும்மா எழுதற?" என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன்.

"அவிய எழுதறது அவியளுக்கு. இது நமக்குக் கண்ணு" என்றார்.

இந்தப் பதிலின் எடை எனக்குப் புரியப் பல வருடங்கள் ஆயின. புரிய வைத்தது ஓர் ஆண்கள் கூடைப்பந்து ஆட்டத்தின் புள்ளிவிவரத் தாள்.

2014 ஜூலை. சீனாவின் வூஹான் நகரில் ஆசியக் கோப்பை. இந்திய ஆண்கள் அணி சீன அணியை 65-58 என்று வென்றது. ஆசியக் கூடைப்பந்தில் சீனா என்றால் மலை. அந்த மலையை இந்தியா அதற்கு முன் சாய்த்ததே இல்லை. நான் அப்போது பிளஸ் ஒன். பள்ளி அணியில் ஆடிக்கொண்டிருந்தேன். கோவையில் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்த அண்ணன், அந்த ஆட்டத்தின் புள்ளிவிவரத் தாளை பிரவுசிங் சென்டரில் பிரின்ட் எடுத்து வந்து சுவரில் ஒட்டினான். அம்ரித்பால் சிங், அம்ஜியோத் சிங் என்று பெயர்கள் ஒரு பக்கம். அவற்றுக்கு நேராக எண்கள்.

அந்தத் தாளை நான் மணிக்கணக்கில் பார்த்திருக்கிறேன். ஆடிய நிமிடம், எறிந்தவை எத்தனை, விழுந்தவை எத்தனை, மூன்று புள்ளி எறிதல் தனி, ஃப்ரீ த்ரோ தனி. எதிரணிக் கூடையடியில் பிடித்த ரீபவுண்ட் ஒரு கட்டம், தன் கூடையடியில் பிடித்தது இன்னொரு கட்டம். அசிஸ்ட், ஸ்டீல், பிளாக், டர்ன்ஓவர். செய்த ஃபவுல், தன்மீது செய்யப்பட்ட ஃபவுல். கடைசியில் பிளஸ்-மைனஸ்: இவர் களத்தில் இருந்த நேரத்தில் அணி எத்தனை புள்ளி ஏறியது, எத்தனை இறங்கியது. ஒரு புள்ளிகூடப் போடாத ஆட்டக்காரருக்கும் அந்தத் தாளில் சொல்ல ஏதோ இருந்தது. நாற்பது நிமிடத்தில் ஒருவர் என்ன செய்தார் என்பதை ஒரு வரியில் அடக்கிவிட முடிகிறதே என்று எனக்கு வியப்பு. அடுத்த நொடியே பொறாமை.

ஏனென்றால் என் ஆட்டத்துக்கு அப்படி ஒரு வரி கிடையாது.

எங்கள் வட்டாரப் போட்டிகளில் நடப்பது இதுதான். பெண்கள் ஆட்டம் பதினொன்றரை மணி வெயிலில். சிமென்ட் தளம் கொதிக்கும். பையன்கள் ஆட்டம் சாயங்காலம். பையன்கள் ஆடும்போது மேசையில் நாலு பேர் உட்கார்ந்திருப்பார்கள். சீனியர் ஒருவன் லாங் சைஸ் நோட்டில் யார் எத்தனை புள்ளி, யாருக்கு எத்தனை ரீபவுண்ட் என்று கோடு கோடாகப் போடுவான். நாங்கள் ஆடும்போது கரும்பலகையில் இரண்டே எண்கள். ஆட்டம் முடிந்ததும் அதையும் அழித்துவிடுவார்கள், அடுத்த ஆட்டத்துக்கு இடம் வேண்டுமே.

பிளஸ் டூ முடித்ததும் விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரியில் இடம் கேட்டுப் போனேன். தேர்வு செய்ய உட்கார்ந்திருந்தவர் கேட்ட முதல் கேள்வி, "ஆவரேஜ் என்னம்மா?" என் முன்னால் நின்ற பையன் தன் ஆட்டத்துக்கு இத்தனை என்று நறுக்கென்று சொன்னான். கையில் நோட்டின் நகலும் இருந்தது. நான் மூன்று பங்கேற்புச் சான்றிதழ்களை நீட்டினேன். பங்கேற்றாள். அவ்வளவுதான் அவை சொல்லின. மூன்று வருடம் கூடையடியில் இடி வாங்கியதற்குக் கிடைத்த வினைச்சொல் அது ஒன்றுதான். எனக்கு இடம் கிடைக்கவில்லை. என்னைவிட நன்றாக ஆடிய என் தோழிக்குக் கேட்கப் போகவே வழியில்லை. அவள் பிளஸ் டூ முடித்த மாதமே நூல் மில்லுக்கு அனுப்பப்பட்டாள்.

இதைச் சொன்னால் சிலர் சிரிப்பார்கள். பெண்கள் சாப்பாட்டுக்கும் பாதுகாப்புக்கும் போராடும் நாட்டில் ரீபவுண்ட் கணக்கு ஒரு பிரச்சினையா என்பார்கள். பிரச்சினைதான். எழுதப்படாத உழைப்புக்குக் கூலி கேட்க முடியாது, எழுதப்படாத திறமைக்கு இடம் கேட்க முடியாது. அம்மாவின் நோட்டு இல்லாமல் அந்த அரை ஷிஃப்டை எவர் திருப்பித் தந்திருப்பார்?

எழுதிவைப்பதற்கு எவ்வளவு வலிமை என்று பாருங்கள். 1962 மார்ச் 2 அன்று அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்து ஹெர்ஷி ஊரில் வில்ட் சேம்பர்லின் ஒரே ஆட்டத்தில் 100 புள்ளி எடுத்தார். அந்த ஆட்டத்தின் வீடியோ கிடையாது. ஆனால் உலகம் முழுக்க அதை நம்புகிறது. ஏன்? களத்திலிருந்து 36 எறிதல், ஃப்ரீ த்ரோ 28 என்று யாரோ மேசையில் உட்கார்ந்து எழுதினார். அந்தத் தாளே சாட்சி.

அதே காலத்தில் ஆடிய பில் ரஸலைப் பாருங்கள். 13 சீசனில் 11 முறை என்.பி.ஏ. பட்டம் வென்றவர். எதிராளியின் எறிதலைத் தடுப்பதில் அவருக்கு இணையில்லை என்பார்கள். ஆனால் அவர் எத்தனை பிளாக் செய்தார் என்று கேட்டால் அதிகாரபூர்வ விடை இல்லை. பிளாக்கையும் ஸ்டீலையும் என்.பி.ஏ. எண்ணத் தொடங்கியதே 1973-74 சீசனில்தான். ரஸல் 1969-இலேயே ஓய்வு பெற்றுவிட்டார். ஆக, எண் தானாக முளைப்பதில்லை. எதை எண்ணலாம், எதை எண்ண வேண்டாம் என்று ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்த சிலர் முடிவெடுக்கிறார்கள். அந்த மேசையில் நாம் இருந்ததில்லை.

இருந்திருந்தால் லினெட் வுடார்டுக்கு அப்படி நடந்திருக்காது. கான்சஸ் பல்கலைக்கழகத்துக்காக ஆடி 1981-இல் முடித்தபோது அவர் கணக்கில் 3,649 புள்ளிகள். ஆனால் அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை ஆளும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு அதுவரை பெண்களுக்குச் சாம்பியன்ஷிப் நடத்தவே இல்லை. பெண்கள் தமக்கென ஏ.ஐ.ஏ.டபிள்யூ. என்று தனி அமைப்பு வைத்து ஆடினார்கள். பிற்பாடு என்.சி.ஏ.ஏ. பெண்கள் ஆட்டத்தைத் தன்வசம் எடுத்துக்கொண்டது. வுடார்டின் எண்ணை எடுத்துக்கொள்ளவில்லை. 2024 பிப்ரவரியில் கெய்ட்லின் கிளார்க் "சாதனையை முறியடித்தார்" என்று செய்தி வந்தபோது, முறியடிக்கப்பட்டதாகச் சொன்ன எண் கெல்சி பிளமின் 3,527. வுடார்டின் எண் அதைவிட 122 அதிகம்! பதிவேட்டில் இல்லாததால் அது சாதனையாகவே இல்லை. அதே மாதக் கடைசியில் கிளார்க் 3,649-ஐயும் தாண்டிய பிறகே பலர் வுடார்டின் பெயரைக் கேட்டார்கள்.

இன்னும் பின்னால் போவோம். கூடைப்பந்து பிறந்தது 1891-இல். மறுவருடமே ஸ்மித் கல்லூரியில் செண்டா பெரென்சன் அதைப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தார். பெண்களைக் களத்துக்கு அழைத்து வந்த அந்தப் பெண்மணிதான் விதிகளையும் மாற்றினார். களத்தை மூன்று பகுதியாகப் பிரித்தார். ஒருத்தி தன் பகுதியைத் தாண்டக் கூடாது. எதிராளி கையிலிருக்கும் பந்தைப் பறிக்கக் கூடாது. பறிப்பது பெண்மைக்கு அழகல்லவாம். அந்த விதியில் ஆடியவளுக்கு "ஸ்டீல்" என்ற கட்டத்தில் என்ன எழுத முடியும்? முதலில் கையைக் கட்டுவது, பிறகு கையால் என்ன செய்தாய் என்று கேட்பது. நம் வீடுகளில் பழகிய உத்திதான். ஒலிம்பிக்கில் ஆண்கள் கூடைப்பந்து 1936-இல் நுழைந்தது. பெண்களுக்கு 1976 வரை ஆயிற்று. நாற்பது வருடத்துக்கான கட்டங்கள் காலி.

இங்கே நான் நியாயமாக ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். சர்வதேச ஆட்டத்தின் புள்ளிவிவரத் தாள் இன்று பாரபட்சம் பார்ப்பதில்லை. பெண்கள் ஆடினாலும் அதே நாற்பது நிமிடம், அதே 3.05 மீட்டர் உயரத்தில் வளையம், பந்து மட்டும் ஓர் அளவு சிறியது. அதே கட்டங்கள். 2017 ஜூலையில் பெங்களூரில் நடந்த ஆசியக் கோப்பையின் 'பி' பிரிவு இறுதியில் இந்தியப் பெண்கள் கஜகஸ்தானை 75-73 என்று வென்றார்கள். இரண்டே புள்ளி! அதற்கும் முழுத் தாள் உண்டு. என் அண்ணன் அதைப் பிரின்ட் எடுக்கவில்லை. அப்படி ஓர் ஆட்டம் நடந்ததே அவனுக்குத் தெரியாது. நானாவது எடுத்திருக்கலாம், நானும் எடுக்கவில்லை. ஆண்கள் ஆட்டத்தைப் பார்த்தே ஆட்டத்தை நேசிக்கக் கற்ற பெண் நான். அந்தக் குற்றத்தில் எனக்கும் பங்குண்டு.

சென்னையைச் சேர்ந்த அனிதா பால்துரையை எடுத்துக்கொள்ளுங்கள். தெற்கு ரயில்வேயில் வேலை. இந்திய அணிக்கு நெடுங்காலம் ஆடியவர், தலைமை தாங்கியவர், தாயான பிறகும் களத்துக்குத் திரும்பியவர். 2021-இல் பத்மஸ்ரீ. அதே தெற்கு ரயில்வேயில் இருந்த கீத்து அன்னா ஜோஸ், 2011-இல் அமெரிக்காவின் டபிள்யூ.என்.பி.ஏ. அணிகளின் தேர்வுக்குப் போய்வந்தார். நான்கு வருடம் கழித்து 2015-இல் சத்னாம் சிங்கை ஒரு என்.பி.ஏ. அணி தேர்ந்தெடுத்தபோது நாடே கொண்டாடியது. அவரைப் பற்றி ஆவணப்படமும் வந்தது. சத்னாமின் புகழை நான் குறைக்கவில்லை. கூடைப்பந்து ஆடும் பெண்பிள்ளைகளிடமே கேட்டுப் பாருங்கள், இந்த மூவரில் எந்தப் பெயர் முதலில் வருகிறது என்று. மேல்மட்டத்தில் தாள் இருக்கிறது, அதைப் படிக்க ஆளில்லை. கீழ்மட்டத்தில் தாளே இல்லை.

புள்ளிவிவரத் தாளிலும் ஏறாத ஒரு வேலை கூடைப்பந்தில் உண்டு. ஸ்கிரீன் என்போம். பந்து வைத்திருப்பவளுக்கு வழி கிடைப்பதற்காக, அவளைத் துரத்துபவளின் பாதையில் இன்னொருத்தி சுவர் மாதிரி நிற்பாள். மோதல் முழுவதும் நிற்பவளின் நெஞ்சிலும் தோளிலும். புள்ளி போனவளுக்கு, அசிஸ்ட் கொடுத்தவளுக்கு. நின்றவளுக்குப் பூஜ்யம். நான் பெரும்பாலும் அந்த வேலையைத்தான் செய்தேன். வீட்டில் அம்மா செய்ததும் அதைத்தான். வேனுக்கு முன் நாலு மணிக்கு எழுந்து அவர் சோறாக்கி வைத்ததால்தான் அப்பா வேலைக்குப் போனார், அண்ணன் இன்ஜினியர் ஆனான். வீட்டின் எந்தக் கட்டத்தில் அது ஏறியது?

2016-இல் என்.பி.ஏ. இந்த வேலையையும் எண்ணத் தொடங்கியது. ஸ்கிரீன் போட்டு உருவான புள்ளிகள், கைபட்டுத் திசைமாறிய பந்துகள், உருண்டோடிய பந்தைப் பாய்ந்து எடுத்தது எல்லாவற்றுக்கும் கட்டம் வந்துவிட்டது. பணம் புழங்கும் களத்தில் ஆண்களின் மறைந்திருக்கும் உழைப்பு என்றதும் தேடிப்பிடித்து எண்ணுகிறார்கள். எண்ண முடியாதது என்று எதுவும் இல்லை. எண்ணும் எண்ணம் வேண்டும்.

வீட்டுவேலைக்கு அந்த எண்ணம் எப்போது வந்தது? இந்தியா தழுவிய முதல் நேரப் பயன்பாட்டு ஆய்வு நடந்தது 2019-இல். அதற்கு இருபது வருடம் முன்பு, 1998-99-இல், ஆறு மாநிலங்களில் மட்டும் ஒரு சோதனை ஆய்வு. தமிழ்நாடு அதில் ஒன்று. 2019 ஆய்வின்படி கூலியில்லாத வீட்டுவேலையில் ஈடுபடும் பெண் ஒரு நாளில் அதற்குச் செலவிடுவது 299 நிமிடம். ஆண் 97 நிமிடம். அதிலும் 81.2 விழுக்காடு பெண்கள் இந்த வேலையில் ஈடுபடுகிறார்கள், ஆண்களில் 26.1 விழுக்காடுதான். 299 நிமிடம் என்றால் ஏழு கூடைப்பந்து ஆட்டத்துக்கும் மேல். ஒரே நாளில். மாற்று ஆட்டக்காரர் இல்லாமல். நாட்டின் மொத்த உற்பத்திக் கணக்கில் இந்த ஏழு ஆட்டமும் வராது. நியூசிலாந்தின் மெரிலின் வாரிங் 1988-லேயே இதைப் புத்தகம் எழுதிக் கேட்டார்: மாட்டின் பாலுக்கு விலை உண்டு, அதைக் கறந்து காய்ச்சுபவளின் நேரத்துக்கு ஏன் இல்லை என்ற வகைக் கேள்வி அவருடையது. 2023 செப்டம்பரில் தமிழக அரசு மாதம் ஆயிரம் ரூபாய் தரத் தொடங்கியபோது அதற்கு "உரிமைத் தொகை" என்று பெயரிட்டது. தொகை சிறியது, சொல் பெரியது. உதவி என்று வாங்கினால் நன்றி சொல்ல வேண்டும். உரிமை என்றால் கணக்குக் கேட்கலாம்.

இப்போது தோழிகள் சிலரின் மறுப்புக்கு வருகிறேன். அவர்கள் சொல்வது இது: "எண்ணுவதே அதிகாரத்தின் ஆயுதம். பனியன் கம்பெனியில் மணிக்கு எத்தனை பீஸ் என்று பலகையில் எழுதித்தானே பெண்களைக் கசக்குகிறார்கள்? ஆண்கள் கண்டுபிடித்த அந்த வெறியை நாமும் ஏன் வாங்கிக்கொள்ள வேண்டும்?"

இந்தப் பலகையை எனக்குத் தெரியும். படித்து முடித்துவிட்டு நானும் ஒரு கம்பெனியில் இரண்டு வருடம் புரொடக்‌ஷன் கணக்கு எழுதினேன். ஒவ்வொரு லைனுக்கும் ஒரு பலகை. மணி ஒன்பது முதல் பத்து: டார்கெட் இவ்வளவு, எடுத்தது இவ்வளவு. குறைந்தால் சிவப்பு. ஓவர்லாக் மெஷினில் இருக்கும் அக்கா பாத்ரூம் போய்வர எத்தனை நிமிடம் என்பது வரை ஒருவர் கவனிப்பார். கைமடிக்கும் பெண்ணுக்குக் கழுத்து வலி, செக்கிங் பெண்ணுக்குக் கண் எரிச்சல். அவற்றுக்குக் கட்டம் கிடையாது. அந்த லைன்களில் ஒரு சீசன் முழுக்க விளையாட்டு ஜெர்சி ஓடியது. முதுகில் பெரிய பெரிய எண்கள். எந்த ஊரில் யார் போட்டு ஆடப்போகிறார்களோ, அவர்கள் எறியும் ஒவ்வொரு பந்தும் எண்ணப்படும். அந்தச் சட்டையைத் தைத்தவளும் எண்ணப்பட்டாள்.

இரண்டும் எண்தான். ஆனால் ஒன்றல்ல. வித்தியாசம் எங்கே என்று யோசித்து யோசித்து நான் கண்டது மூன்று கேள்விகள். யார் எழுதுகிறார்? யார் படிக்கிறார்? தப்பு என்றால் மறுக்க வழி உண்டா?

ஆட்டத்தின் புள்ளிவிவரம் ஆடியவளின் கைக்கும் வருகிறது. அடுத்த ஆட்டத்துக்கு அவளே அதைப் படித்துத் தன்னைத் திருத்திக்கொள்கிறாள், சம்பளம் பேசுகிறாள், இடம் கேட்கிறாள். லைன் பலகை அவள் தலைக்கு மேல் தொங்குகிறது. அவள் படிப்பதற்காக அல்ல, அவளை விரட்டுவதற்காக. ஆகவே எண்ணாதே என்று சொல்வது விடுதலை ஆகாது. எண்ணாமல் விட்டால் கம்பெனி எழுதுவது மட்டுமே கணக்கு. நூல் மில்லுக்குப் போன என் தோழிக்கு நடந்தது அதுதான். மூன்று வருடம் முடிந்தால் மொத்தமாகத் தொகை, கல்யாணத்துக்கு ஆகும் என்று சொல்லி அழைத்துப் போனார்கள்; "சுமங்கலித் திட்டம்" என்று அதற்கு மங்கலமாகப் பெயரும் உண்டு. முடிக்கும் நேரத்தில் அவள் எடுத்த லீவுகளைக் காட்டி நாள் குறைகிறது என்றார்கள். அவளிடம் எழுதிவைத்த எதுவும் இல்லை. பதிவேடு அவர்களிடம் இருந்தது.

பெண்ணியம் என்றால் கணக்கைக் கைவிடுவது என்று யாராவது சொன்னால், என் அம்மாவின் நோட்டை அவர்கள் கையில் கொடுத்துவிட்டு அப்புறம் பேசச் சொல்வேன்.

நான் இப்போது சனி, ஞாயிறுகளில் எங்கள் ஊர்ப் பெண்பிள்ளைகளுக்குப் பந்து சொல்லித்தருகிறேன். முதல் நாளே ஒரு லாங் சைஸ் நோட்டு வாங்கினோம். ஆடாமல் உட்கார்ந்திருப்பவள் எழுத வேண்டும், முறை மாற்றி எல்லோரும். புள்ளி, ரீபவுண்ட், அசிஸ்ட், ஸ்டீல். பிறகு அவர்களே சில கட்டங்கள் சேர்த்தார்கள். ஸ்கிரீன் எத்தனை. விழுந்தவளைத் தூக்கிவிட்டது யார். ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி "வரலை" என்று ஒரு கட்டம் போட்டு, பக்கத்தில் காரணம் எழுத இடம் விட்டாள். தம்பியைப் பார்த்துக்கொள்ள, தண்ணீர் பிடிக்க, வயிற்றுவலி, விருந்தாளி. ஒரு மாதம் கழித்துப் புரட்டிப் பார்த்தோம். ஒவ்வொருத்தி வீட்டுக்கும் தனித்தனி என்று நினைத்திருந்த கஷ்டம் ஒரே நெடுவரிசையில் நின்றது. அந்தப் பக்கத்தை நான் பெற்றோர்களிடம் காட்டினேன். இரண்டு வீட்டில் மாற்றம் வந்தது. மற்றவற்றில் இன்னும் இல்லை. அதையும் எழுதி வைத்திருக்கிறோம்.

கூடைப்பந்தில் மேசை அலுவலர் நிரப்பும் அதிகாரபூர்வ ஸ்கோர் ஷீட் ஒன்று உண்டு. சர்வதேச ஆட்டத்துக்கும் அதே படிவம்தான். அதன் கீழ்ப்பகுதியில் சிறிய ஓர் இடம் இருக்கும். ஆட்டத்தின் முடிவை ஏற்காத அணியின் கேப்டன், மறுப்புத் தெரிவித்துக் கையெழுத்திட வேண்டிய இடம் அது. பெரும்பாலான ஆட்டங்களில் காலியாகவே இருக்கும். இருந்தாலும் இடம் இருக்கிறது. கம்பெனிப் பலகையில் அந்த இடம் இல்லை. மில் பதிவேட்டில் இல்லை. வீட்டில் இருந்ததே இல்லை.

போன வாரம் எங்கள் நோட்டின் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அந்தக் கட்டத்தை ஸ்கேல் வைத்து வரைந்தோம். அம்மா திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "இது எதுக்கு கண்ணு?" என்றார். சொன்னேன். அவர் எழுந்து உள்ளே போய்த் தன் பழைய நோட்டை எடுத்து வந்தார். கடைசிப் பக்கத்தில் இடம் மிச்சமிருந்தது.

"இதுலயும் ஒண்ணு போட்டுக் குடு" என்றார்.